கண் பட்டு நீண்ட படகு

ஏழு கோயில் சூடத்தை ஒன்றாகக் குவித்துக் கொளுத்துங்கள், உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இட்லி தின்னும்போது உதிரட்டும்! படகு நீண்டது நிஜம், அதை நீள வைத்தது ஏகாம்பரத்தின் கண் என்பதும் நிஜம், டேப்பு பிடித்து அளந்தவர்கள் இன்றைக்கும் திருவான்மியூரில் ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே காலை நனைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில், நெல்லிக்காய்த் தோட்டம் என்று பெயர் வைத்து ஒரு நெல்லிக்கன்றுகூட இல்லாத குடியிருப்பில், முதல் மாடியில், கால்வாயைப் பார்த்த பால்கனி உள்ள வீட்டில் ஏகாம்பரமும் அவர் மனைவி லோகநாயகியும் இருந்தார்கள். அடுத்த வீடு மாசிலாமணி. இரண்டு ஆண்களும் ஒரே நாளில் தொலைபேசி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரே நாளில் மாலை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள். மாசிலாமணியின் மாலையில் சம்பங்கி ஒரு சரம் கூடுதலாக இருந்ததை ஏகாம்பரம் மட்டும்தான் கவனித்தார், கவனித்தது பதினோரு வருடமாக நெஞ்சில் நிற்கிறது. மாசிலாமணி வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு இரண்டு கதவு, ஏகாம்பரம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கு ஒன்று. மாசிலாமணியின் மகள் இங்கிலாந்தில் பர்மிங்காமில், ஏகாம்பரத்தின் மகன் அம்பத்தூரில். மாசிலாமணிக்குச் சர்க்கரை வியாதி வந்தபோதுகூட, அதிலும் இவன் முந்திக்கொண்டானே என்று ஏகாம்பரத்துக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிகிறது என்று போனால் டாக்டர் வாயு மாத்திரை கொடுப்பார். நாற்பது வருடமாக அதை விழுங்கியும் எரிச்சல் அடங்கவில்லை, ஏனென்றால் எரிச்சல் வயிற்றில் இருந்தாலும் அதன் அடுப்பு அடுத்த வீட்டில் இருந்தது.

அவர் கண்ணைப் பற்றி ஊருக்கே தெரியும். ‘பூசணிக்கொடி நல்லா ஓடியிருக்கே’ என்று அவர் சொன்ன மறுநாள் கொடி வாடும். புது மிக்ஸியைப் பார்த்து ‘பலே’ என்றால் அதன் பிளேடு உடையும். கல்யாணப் பத்திரிகை அவருக்கு மட்டும் தாலி கட்டி முடிந்த மறுவாரம் வரும். தெருவில் அவர் வருகிறார் என்றால் தாய்மார்கள் கண்மையைத் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் அவசரமாக ஒரு பொட்டு வைப்பார்கள். அந்த அவசரத்தை அவர் தினமும் பார்த்தார், பார்த்தும் பார்க்காததுபோல நடக்கப் பழகியிருந்தார்.

மாசிலாமணி மனைவியை இழந்தவர். அவள் போன மறு வருடம் மகள் கூப்பிட்டாள் என்று பர்மிங்காம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார், வந்ததிலிருந்து ஒரே கதைதான். “ஊருக்கு நடுவுல கால்வாய்யா, நம்ம கால்வா மாதிரியே! அதுல ஒல்லியா, நீளமா ஒரு படகு. உள்ளாறயே அடுப்பு, கட்டிலு, மேல பூந்தொட்டி. கெழவனும் கெழவியும் டீ குடிச்சிக்கினே போறாங்க. கரையில நடந்து போற நாய் நம்மள முந்திக்கினு போவும், அவ்ளோ மெதுவு. ஒரு வாரம் போனேன்யா ஏகாம்பரம், எங்கயும் போய்ச் சேரல, ஆனா மனசு ரொம்பிப்போச்சு.” இதை இரண்டு வருடம் சொன்னார். மூன்றாம் வருடம் கார்த்திகையில் ஒரு தச்சரைப் பிடித்து, தூணுக்கும் தூணுக்கும் இடுக்கில் நுழைகிற மாதிரி மூன்றரை அடி அகலம், ஒன்பது அடி நீளம் என்று ஒரு படகைச் செய்து, சின்ன மோட்டார் வைத்து, பச்சைப் பெயிண்டு அடித்து, பின்பக்கம் சுக்கானுக்கு அருகில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டு, படித்துறையில் இறக்கிவிட்டார். இரண்டாவது நாற்காலியில் அவர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

குடியிருப்பே கரையில் நின்று சிரித்தது. ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாசிலாமணி ஒரு கையில் டீ டம்ளரும் ஒரு கையில் சுக்கானுமாக மந்திரியைப்போலப் போனார். பால்கனியில் நின்ற ஏகாம்பரம் சிரிக்கவில்லை. படகின் மூக்கிலிருந்து வால்வரை, வாலிலிருந்து மூக்குவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் படகு ஒரு முழம் நீண்டிருந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் கால்வாய்க் கரையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சுலோச்சனா. அவள் வண்டிக்குப் பக்கத்துப் பூவரச மரத்தில்தான் படகைக் கட்டுவார்கள். நேற்று மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த மூக்கு இன்றைக்கு அந்தப் பக்கம் இருந்தது. படகின் மரம் தண்ணீர் குடித்தால் ஊதும் என்றார்கள். ஊதினால் அகலத்திலும் ஊத வேண்டுமே என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம் டேப்பை எடுத்துவந்தார். அகலம் அதே மூன்றரை. நீளம் பத்தரை, மறுநாள் பன்னிரண்டு, அதற்கு மறுநாள் பதின்மூன்றரை. புதுப் பலகையில் பெயிண்டுகூட அடித்தே முளைத்தது. ஏதோ ஓர் இலாகாவிலிருந்து வந்த அலுவலர் காலையில் நீளத்தை எழுதி, மாலையில் அடித்து எழுதி, மூன்றாம் நாள் அந்தக் கட்டத்தில் ‘வளர்கிறது’ என்று எழுதி முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். யாரும் அதற்குமேல் ஆச்சரியப்படவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளும் வருகிற நாளும் இருப்பதுபோல, சில படகு வளரும், சில படகு வளராது.

ஏகாம்பரம் மகன் வீட்டுக்குப் போய் அம்பத்தூரில் இரண்டு நாள் தங்கியபோது படகு ஒரு விரல்கூட நீளவில்லை. திரும்பி வந்து பால்கனியில் காபியோடு நின்றார், மடமடவென்று சத்தம், ஒன்றரை முழம்.

சுலோச்சனா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். “ஐயையே, இது நம்ம ஏகாம்பரம் அண்ணன் கண்ணுடா!”

மாசிலாமணி பயந்துபோய், ராட்சச முகம் வரைந்த பூசணிக்காயைப் படகின் முகப்பில் கட்டினார், எலுமிச்சை மிளகாய் கோத்துத் தொங்கவிட்டார். அன்று மாலைக்குள் படகு இரண்டு முழம் சுருங்கிவிட்டது, அந்த இரண்டு முழத்தில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த தணிகாசலத்தின் மாமனார் கால்வாய்க்குள் விழுந்தார். அப்போதுதான் தணிகாசலத்துக்கு அந்த யோசனை வந்தது. மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்.

“காணும் பொங்கலுக்கு வருசா வருசம் பீச்சுல போயி கூட்டத்துல சாவுறோம். இந்த வாட்டி நெல்லிக்காய்த் தோட்டம் மொத்தமும் படகுல போறோம். இருபத்தெட்டு வீடு. கட்டுச்சோத்தைக் கட்டிக்கினு, மெதுவா, மாசிலாமணி சார் சொன்ன மாதிரி, முட்டுக்காடு வரைக்கும். நூத்தி இருபது அடி வேணும். அண்ணன் மனசு வெச்சா ஆவும்.”

அன்றிலிருந்து ஏகாம்பரத்தின் வயிற்றெரிச்சல் ஊர்ச் சொத்தானது. குடியிருப்பில் எந்த வாசலிலும் திருஷ்டிப் பூசணி கட்டக்கூடாது, யாருக்கும் உப்பு மிளகாய் சுற்றிப் போடக்கூடாது, மீறினால் கட்டுச்சோற்றில் பங்கு கிடையாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பால்கனிக்கு நல்ல நாற்காலி வந்தது. மார்கழிக் குளிருக்கு மப்ளர் வந்தது. காலையில் முறைவைத்து ஒரு வீட்டிலிருந்து காபி வரும், காபியோடு சேதி வரும்: “அண்ணே, நேத்து படகுல போனோம், அப்டியே சிம்லா மாதிரி காத்துண்ணே.” “மாசிலாமணி சார் மவ இன்னொரு வீடு வாங்கிட்டாங்களாம், மாடி வீடாம்.” “சாருக்கு இந்த வயசுல தலைமுடி எப்டிண்ணே கொட்டவே மாட்டேங்குது?” ஏகாம்பரத்தின் அடிவயிற்றில் பற்றிக்கொள்ளும், தொண்டைவரை ஏறும், கண் சிவக்கும், கீழே மடமடவென்று பலகை முளைக்கும், கரையில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள்.

லோகநாயகிக்கு இது பிடிக்கவில்லை. சாயங்காலம் பால்கனிக் கம்பியில் கையை ஊன்றிப் படகைப் பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்: “ஏங்க, நாப்பத்திரண்டு வருசத்துல நீங்க என்னைக் கூட்டிட்டுப் போன ஒரே ஊரு மாதவரம். அதுவும் சாவு வீடு. காணும் பொங்கலுக்கு அந்தப் படகுல நீங்களும் நானும் போவணும். பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துக்கினு.”

“போவலாம் லோகு. அந்தப் படகே நான் போட்டதுதானே?” என்றார் ஏகாம்பரம். அப்படிச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. அதை அவரே கவனிக்கவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சுலோச்சனா தன் மகள் பெற்ற கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். அதன் கன்னத்தில் மைப்பொட்டு இல்லை. “பாருங்கண்ணே, நல்லா பாருங்க, நீங்க பாத்தா வளரும்ல” என்று அவர் மடியில் போட்டாள். ஏகாம்பரத்தின் மடியில் தன் பிள்ளைக்குப் பிறகு ஒரு குழந்தையை யாரும் போட்டதில்லை. அது அவர் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, கொட்டாவி விட்டு, வேட்டியை நனைத்தது. அவர் வயிற்றில் நாற்பது வருடமாக எரிந்துகொண்டிருந்தது அந்த ஈரத்தில் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

படகு நின்றுவிட்டது, நூற்றுப் பதினெட்டு அடியில்.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மாசிலாமணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பால்கனிக்குக் கீழே நாலு தரம் நடந்தார். ‘நல்லாருக்குடா மாசி’ என்று மேலேயிருந்து மனமார வாழ்த்து வந்தது. அவரே சொல்லிப் புலம்பியிருந்த சம்பங்கிச் சரத்தை ஞாபகப்படுத்தினார்கள். ‘ஒரு சரம்தானே, போவுது விடு’ என்று சிரித்தார். அவரும் தனியாக உட்கார்ந்து முயன்றார், பல்லைக் கடித்தார், இரண்டு கதவுக் குளிர்ப்பெட்டியை நினைத்தார், தூக்கம்தான் வந்தது.

தணிகாசலம் பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். லோகநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

“எங்க வீட்டுப் பேரு எங்கப்பா?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். “அக்கா, இருபத்தேழு வீட்டுக்குத்தான் பெஞ்சு ஆச்சு. அண்ணன் கரையில நின்னு பாக்குறவர்தானேன்னு கடைசியா வெச்சோம். இன்னும் ரெண்டடி வளந்தா உங்களுக்குத்தான், சத்தியமா.”

அவள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள். பின்னால் நின்றிருந்த மாசிலாமணி, “என் பக்கத்து நாற்காலி காலிதாம்மா. ஒருத்தர் ஒக்காரலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதும் ஏகாம்பரம் பெருந்தன்மையாக, “போயிட்டு வாயேன், எனக்கு என்ன” என்றார். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தோன்றவில்லை. லோகநாயகி அவர் எதிரில் வந்து நின்றாள். “ஒண்ணுமே இல்லயா உங்களுக்கு?” என்று கேட்டாள். “ஒண்ணுமே இல்ல லோகு, மனசு பஞ்சு மாதிரி இருக்கு” என்றார். அவள் அலமாரியைத் திறந்து கிளிப்பச்சைப் பட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

காணும் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு இருபத்தேழு வீடும் கட்டுச்சோற்றுத் தூக்குகளோடு ஏறி உட்கார்ந்தது. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடகம், மசால்வடை எல்லாம் சேர்ந்து கால்வாய் நாற்றத்தையே தோற்கடித்தன. சுக்கானருகில் மாசிலாமணி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கிளிப்பச்சைப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக லோகநாயகி, மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு முழம் இடம். ஏகாம்பரம் படித்துறையில் நின்று கையசைத்தார், ஊரைக் கூட்டி அனுப்பிவைக்கிற பெரிய மனுஷனைப்போல.

அப்போது மாசிலாமணி குனிந்து என்னவோ சொன்னார். லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஏகாம்பரம் கல்யாணமான முதல் வருடத்தில் பார்த்திருந்தார், எப்போது எங்கே அதைத் தொலைத்தோம் என்று தேடிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டார், அது இதோ அடுத்த வீட்டுக்காரனுக்குப் பக்கத்தில், சுக்கானுக்கு அருகில், காலை வெயிலில் உட்கார்ந்திருந்தது. கால் கட்டைவிரலில் பற்றியது முழங்காலுக்கு ஏறி, வயிற்றைப் பிடித்து, நெஞ்சைத் தாண்டிக் கண்ணுக்கு வந்தது. அவர் பார்வை விழுந்தது அந்த ஒரு முழ இடைவெளியில்.

படகு நீண்டது. மூக்கில் அல்ல, வாலில் அல்ல, சரியாக இரண்டு நாற்காலிக்கும் நடுவில். ஒரு முழம் இரண்டாகி, இரண்டு இருபதாகி, பலகைக்குப் பின்னால் பலகை மடமடமடவென்று முளைக்க, மாசிலாமணி சுக்கானோடு படித்துறையிலேயே நிற்க, லோகநாயகியும் இருபத்தேழு வீடும் தெற்கே நகர்ந்துபோனார்கள். முதல் தூணைத் தாண்டினார்கள், பாலத்தைத் தாண்டினார்கள், துரைப்பாக்கத்தில் ஆபீஸ் கண்ணாடிகளில் கிளிப்பச்சை மின்னியது, சோழிங்கநல்லூரில் பாலத்துமேல் நின்றவர்கள் கையசைத்தார்கள், காலையில் வாயில் போட்ட வடையை மென்று விழுங்குவதற்குள் படகின் மூக்கு முட்டுக்காட்டுத் தண்ணீரில் போய் நின்றது. நெடுந்தூரத்திலிருந்து லோகநாயகியின் குரல் கொசுவின் குரலாகக் கேட்டது: “ஏங்க! பாத்தது போதும், வாங்க!”

“யோவ்!” என்று கத்தினார் மாசிலாமணி. “என்னய்யா பண்ற? ஊரே போவுது!”

“உன்னை யாரு அவளைச் சிரிக்க வெக்கச் சொன்னது?”

“உன்னப் பத்திதான்யா சொன்னேன்! ஆபீசுல நீ கம்பத்துல ஏறி, எறங்கத் தெரியாம, மத்தியானச் சோறு வரைக்கும் மேலயே இருந்தியே, அதச் சொன்னேன்.”

ஏகாம்பரத்துக்கு உறைத்தது. அவள் தன்னை நினைத்துச் சிரித்திருக்கிறாள். அப்படியும் நெருப்பு அணையவில்லை, ஏனென்றால் அவளைச் சிரிக்க வைத்தது அவர் இல்லை. பார்க்கப் பார்க்க நீளும், நீள நீள அவள் தூரமாவாள், அவள் தூரமாக ஆக இன்னும் எரியும். இதற்கு ஒரே வழிதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார், கண்ணை இறுக மூடிக்கொண்டார், இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

புதுப் பலகையின் வாசனை மட்டும் துணைக்கு வந்தது. ஓரிடத்தில் மாடு கத்தியது, ஓரிடத்தில் மசூதிப் பாங்கு கேட்டது, ஓரிடத்தில் கரையிலிருந்து யாரோ “பெருசு, கண்ணைத் தொறந்து போ, வுயுந்துடுவ” என்றார்கள். “தொறந்தா எட்டாதுப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார். யாரோ கையில் மோர் டம்ளரைத் திணித்தார்கள். இரண்டு தரம் இமை தானாகத் திறக்கப் பார்த்தது, தூரத்தில் கிளிப்பச்சை தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்க மனசு அடித்துக்கொண்டது, துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். வெயில் தலைக்குமேல் வந்து மேற்கே சாய்ந்தது. உப்புக்காற்று முகத்தில் பட்டபோது மல்லிகை வாசனையும் பட்டது.

“வந்துட்டீங்களா? புளிச்சோறு ஆறிப்போச்சு” என்றாள் லோகநாயகி.

அவள் பக்கத்தில் நாற்காலி இல்லை, வெறும் பலகைதான். உட்கார்ந்தார். துண்டை அவிழ்க்கவில்லை. அவள் உருட்டிக் கொடுத்ததை வாயில் வாங்கிக்கொண்டு, “அந்தக் கம்பத்துல நான் எதுக்கு ஏறினேன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். என்ன சொன்னாரோ, அவள் சிரித்தாள், முந்தானைகூடப் போடாமல். இருபத்தேழு வீடும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

மட், மட், மட் என்று சத்தம் கேட்டது. ஒரு முழம் நீண்டது.

“அண்ணே, மறுபடியுமா?” என்று தணிகாசலம் அலறினார்.

“நான் இல்லப்பா!” ஏகாம்பரம் கட்டிய கண்ணைத் தொட்டுக் காட்டினார். “பாரு, கட்டுகூட அவுக்கல.”

இன்னும் இரண்டு முழம். எல்லோரும் வடக்கே பார்த்தார்கள். அங்கே, இருபது கிலோமீட்டருக்கு அப்பால், படித்துறையில், பக்கத்து நாற்காலியும் இல்லாமல், ஒருவர் தன்னந்தனியாகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன பார்க்கிறார், அது வயிற்றில் எந்த இடத்தில் பிடிக்கும், எப்படி ஏறும் என்பது உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும்.

அந்த மனிதர் உடனே எழுந்துவிடவில்லை. நாற்பது வருடத்தில் முதல்முறையாக மாசிலாமணி தன்னைப் பார்த்து வயிறெரிகிறான் என்பதை இன்னொரு கவளத்தோடு சேர்த்து மெதுவாக மென்றார். படகின் மூக்கு முட்டுக்காட்டைத் தாண்டிக் கடலில் உப்பைத் தொட்டது. “இன்னொரு வாய் குடு லோகு” என்றார். ஐந்து முழம்.

“போதுங்க” என்றாள் லோகநாயகி. “பாவம், போய்க் கூட்டிட்டு வாங்க.”

ஏகாம்பரம் கையைத் துண்டின் நுனியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நான்தான் போவணும். கண்ணை மூடிக்கினு நடக்க அவனுக்குத் தெரியாது” என்று சொல்லி, வந்த வழியே திரும்பி நடந்தார், இந்தத் தரம் கட்டை அவிழ்த்து, கண்ணைத் திறந்துகொண்டு.

இவ்வளவுதான் நடந்தது. கேட்டவர்களுக்கு நீங்களும் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யாரென்று மட்டும் செத்தாலும் வாய் திறக்காதீர்கள். இரண்டு பேரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பார்வை பழுதில்லாமல் இருக்கிறது.